அருகில் உள்ளதைக் கண் எவ்வாறு காண்கிறது? 40 வயதில் எழுத்து மங்குவது ஏன்?

வாசிப்புக் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும் எனக் கூறப்பட்ட கண் சொட்டு மருந்து ஒன்றுக்கு 2024 ஆகஸ்டில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. ஒப்புதல் பெறாத வகையில் மருந்து குறித்து விளம்பரம் செய்யப்பட்டதாகக் கூறி, அடுத்த மாதமே அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. இத்தகைய மருந்தால் எது இயலும், எது இயலாது என்பதற்கான விடை, அருகில் உள்ள பொருளைக் கண் குவியப்படுத்தும் முறையில் இருக்கிறது.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் பணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முன்புறமுள்ள கார்னியாவே செய்கிறது. ஆனால், பார்க்கும் தொலைவுக்கு ஏற்ப அதன் வளைவு மாறுவதில்லை. மாறக்கூடியது, கண் பாவைக்குப் பின்னால் உள்ள விழி லென்ஸ்.

அந்த லென்ஸைச் சுற்றி வளையம்போல் சிலியரி தசை அமைந்துள்ளது. இரண்டையும் நுண்ணிய இழைகள் இணைக்கின்றன. தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது தசை தளர்ந்து வளையம் விரிகிறது. இழைகள் விறைத்து லென்ஸைத் தட்டையாக வைத்திருக்கின்றன. கைப்பேசித் திரையை நோக்கினால் தசை சுருங்கி வளையம் குறுகுகிறது, இழைகள் தளர்கின்றன, லென்ஸ் தன் மீள்தன்மையால் தடித்து உருள்கிறது. அதன் குவியத் தூரம் குறைவதால், அருகில் உள்ள எழுத்தின் பிம்பம் விழித்திரையில் தெளிவாக விழுகிறது. இதுவே விழி ஏற்பமைவுத் திறன்.

தசைதான் லென்ஸை அழுத்தி வளைக்கிறது என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் தசை செய்வது, இழுவிசையை விடுவிப்பது மட்டுமே. மீதி முழுவதும் லென்ஸின் நெகிழ்வைப் பொறுத்தது.

இதை அறிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. பல மீன்களின் கண்ணில் லென்ஸ் இடம்பெயர்ந்தே குவியம் மாறுகிறது. மனிதக் கண்ணும் அவ்வாறே இயங்குகிறது என்று கருதியவர்கள் இருந்தனர். கார்னியாவின் வளைவு மாறுகிறது என்றவர்களும் உண்டு. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங், கண்ணை நீரில் பதித்துக் கார்னியாவின் விளைவை நீக்கிய பின்னரும் குவியம் மாற்ற முடிவதை 1801-இல் வெளியான ஆய்வுரையில் காட்டினார். தசைச் சுருக்கத்தால் இழைகள் தளர்கின்றன என்ற விளக்கத்தை 1855-இல் அளித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

பத்து வயதுச் சிறுவனால் ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காண முடியும். வயது ஏறஏற லென்ஸ் இறுகுகிறது. தசை சுருங்கி இழைகள் தளர்ந்தாலும் லென்ஸ் போதிய அளவு உருள்வதில்லை. 40 வயதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிக்கத் தொடங்குவது இதனால்தான். இந்த வெள்ளெழுத்து நோயன்று; எவருக்கும் வரக்கூடிய முதுமையின் மாற்றம். ஆயினும் உலகில் 82.6 கோடிப் பேர் உரிய கண்ணாடியின்றி இக்குறையுடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

படிப்பவர்களுக்கு மட்டுமே இது சிக்கல் என்ற எண்ணம் தவறானது. அசாமில் 40 வயதைக் கடந்த 751 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாசிப்புக் கண்ணாடி இலவசமாக வழங்கப்பட்டது. கண்ணாடி பெறாதவர்களுடன் ஒப்பிடுகையில், அவர்களது உற்பத்தித்திறன் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பறிக்கும் இலையின் எடைக்கேற்ப வருவாய் பெறுவோருக்கு இது சிறிய வேறுபாடன்று.

தற்போது பேசப்படும் சொட்டு மருந்துகளில் முதன்மையானது பைலோகார்பைன். கண் அழுத்த நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இம்மருந்து, பாவையைச் சுருக்குகிறது. சிறு துளை வழியே பார்த்தால் மங்கலான எழுத்தும் தெளிவதைப் போன்ற விளைவே இதனால் கிடைக்கிறது; அதுவும் சில மணி நேரமே நீடிக்கும். இறுகிய லென்ஸ் நெகிழ்வதில்லை. ஒளி குறைவான இடங்களில் பார்வை மங்கலாம் என்பதால், இரவில் வாகனம் ஓட்டுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கண்புரை அறுவை சிகிச்சையில் பொதுவாகப் பொருத்தப்படும் ஒற்றைக் குவிய செயற்கை லென்ஸும் உருமாறாது. எனவே, தொலைவுப் பார்வை சிறப்பாக அமைந்தவர்களுக்கும் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தால் லென்ஸின் ஒளிவிலகல் தற்காலிகமாக மாறக்கூடும். சர்க்கரை அளவு சீரான பின்னர் கண்ணாடிக்கு அளவு எடுத்துக்கொள்வதே அவர்களுக்கு ஏற்றது.