பகையை நட்பாக்கும் நரம்பு

கடலுக்குச் சாதி இல்லை. கரைக்குத்தான் அதைக் கற்பித்தார்கள். கொற்கைத் துறை கொழித்த நாள் முதல் தூத்துக்குடித் துறை தழைத்த நாள் வரை, மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முத்தணிந்து மகிழ்ந்தவன் வேறொருவன். உழைப்பு இவனுக்கு, உரிமை அவனுக்கு என்ற இந்த ஏற்பாடு முத்தோடு நின்றதா? இல்லை; இசைக்குள்ளும் நுழைந்தது. "இசை தெய்வீகக் கலை, பிறப்பால் உரியவர்க்கே அது கைவரும்" என்று செப்பினர் சிலர். அந்தச் சொல் பொன்னா பித்தளையா என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல்லைக் கொண்டு வந்திருக்கிறோம். ஜாஸ் இசையில் கிதார் கலைஞன் விரல் பதிக்கும் மூன்றே மூன்று சுரங்கள்தாம் அந்த உரைகல். முத்துக்கரைக்கும் ஜாசுக்கும் என்ன உறவு என்று வியப்போர் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

1530களில் இக்கரைப் பரதவ மக்கள் போர்த்துகீசியரின் துணையை நாடிக் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1542இல் சவேரியார் வந்தார். 1586இல் புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சேறியது. அச்செழுத்தைக் கொண்டுவந்த அதே வெள்ளையர் கப்பல்கள், அடிமைகளையும் ஏற்றிச் சென்றன. போர்த்துகீசியர் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு இலங்கையில் இறக்கினர். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பஞ்சத்தில் வாடிய தமிழரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக அனுப்பினர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், புத்தளத்துப் பக்கம், அந்த ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் தாளமும் போர்த்துகீசியர் பாட்டும் கலந்து பிறந்த 'கப்ரிஞ்ஞா'வும், அதனையொட்டி வளர்ந்த 'பைலா'வும் இலங்கை முழுவதையும் ஆடவைத்தன. பைலாவுக்குக் கிதார் உற்ற துணையாயிற்று.

இதே கொடுமை அட்லாண்டிக் கடலிலும் நடந்தது. அங்கே அடிமைகள் அமெரிக்காவில் இறக்கப்பட்டனர். நியூ ஆர்லியன்சு என்ற துறைமுக நகரில், காங்கோ சதுக்கத்தில், ஞாயிறு ஒரு நாள் மட்டும் அவர்கள் கூடி ஆடிப்பாட இடம் கிடைத்தது. அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்கு வழங்கிய கொடைதான் ஜாஸ். இங்கே மன்னார் வளைகுடா, அங்கே மெக்சிகோ வளைகுடா. இரு கரையிலும் விலங்கு பூண்ட கைகளே இசையைப் படைத்தன. எந்தப் பெருங்குலமும் அதை வரமாகப் பெற்று வந்து வழங்கிடவில்லை!

இனி, அந்தக் கலையின் உள்ளே புகுவோம். சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது நம் இசை மரபு. பல சுரங்களை ஒரே நொடியில் ஒலிக்கச் செய்வது மேலை மரபு; அந்தச் சுரக்கொத்தைக் 'கார்டு' என்பர். ஆனால், எந்தச் சுரம் எதனோடு இசையும், எதனோடு முரணும் என்ற ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக வகுத்துள்ளன. பன்னிரு வீடுகளில் வைத்து எண்ணும் அறிஞர் தரும் கணக்கு இது: நின்ற நரம்பிலிருந்து ஏழாம் வீடு இணை, ஐந்தாம் வீடு கிளை, நான்காம் வீடு நட்பு, மூன்றும் ஆறும் பகை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிதாரை எடுப்போம். அதன் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளை, வீணையில் சொல்வது போலவே, மெட்டு என்று அழைப்போம். ஒரு மெட்டு ஒரு வீடு. பன்னிரண்டாம் மெட்டில் தந்தி சரிபாதியாகி, சுரம் மேல்தாயிக்கு ஏறும். தந்தி ஆறு, தடித்தது ஆறாவது, மெல்லியது முதலாவது. ஜாஸ் பயில்வோன் முதலில் கற்கும் மூன்று கொத்துகள் இவை.

முதற்கொத்து: ஐந்தாம் தந்தியில் ஐந்தாம் மெட்டு, நான்காம் தந்தியில் மூன்றாம் மெட்டு, மூன்றாம் தந்தியில் ஐந்தாம் மெட்டு. இரண்டாம் கொத்து: ஆறாம் தந்தியில் மூன்றாம் மெட்டு, நான்காம் தந்தியில் மூன்று, மூன்றாம் தந்தியில் நான்கு. மூன்றாம் கொத்து: ஐந்தாம் தந்தியில் மூன்று, நான்காம் தந்தியில் இரண்டு, மூன்றாம் தந்தியில் நான்கு. மற்றத் தந்திகள் ஒலிக்கலாகாது. 'சி' என்னும் சுரத்தைக் குரலாகக் கொண்டால், துத்தம்-உழை-குரல், இளி-உழை-தாரம், குரல்-கைக்கிளை-தாரம் என்பன இவை. அடிச்சுரம் தாவினும் உள்ளிருக்கும் இரு விரல்கள் பெரிதாக அசைவதில்லை. முதல் மாற்றத்தில் ஒரு விரல் ஒரே ஒரு மெட்டு இறங்குகிறது. அடுத்ததில் மற்ற விரல் ஒரே ஒரு மெட்டு இறங்குகிறது. அவ்வளவே!

இதில் நடப்பதென்ன? அடிச்சுரம் துத்தத்திலிருந்து இளிக்கும், இளியிலிருந்து குரலுக்கும் ஐந்தைந்து வீடாக, கிளை வழியே நடக்கிறது. முதற்கொத்தில் துத்தத்துக்கும் உழைக்கும் இடையே மூன்று வீடு, பகை. இரண்டாவதில் உழைக்கும் தாரத்துக்கும் இடையே ஆறு வீடு, பெரும்பகை. மூன்றாவதில் குரலுக்கும் கைக்கிளைக்கும் இடையே நான்கு வீடு, நட்பு! பகையில் தொடங்கி, பகை முற்றி, நட்பில் அமைதி கொள்கிறது இசை. இன்னுமொன்று காண்க: ஒவ்வொரு அடிச்சுரத்துக்கும் ஏழாம் வீட்டில் இருக்கும் இணையை இக்கலைஞன் விட்டுவிடுகிறான். இணை இல்லாமலும் கொத்து நிற்கும். மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் இல்லாவிடில் அதன் குணமே தெரியாது என்பது அவன் செவி கண்ட உண்மை.

ஆறு வீட்டு இடைவெளியை ஐரோப்பிய இசை நூலார் 'இசையில் சாத்தான்' என்று ஏசியதுண்டு. தமிழன் பகை என்றது அளவையின் பெயர். அவர்கள் சாத்தான் என்றது அச்சத்தின் பெயர். அந்தச் சாத்தானையே வாயிற்காவலனாக்கி, அதன் வழியே நட்பின் வீட்டுக்குள் நுழைந்தான் அடிமையின் பேரன். நூல் தடுத்ததைச் செவி ஏற்றது. செவிதானே இசைக்கு நீதிபதி?

வித்தகர் வரலாறும் இதையே விளம்புகிறது. நாடோடிகள் என்று ஐரோப்பா இழித்த ரோமா இனத்தில் 1910இல் பிறந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் நேர்ந்த தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கின. எஞ்சிய விரல்களுக்கேற்பப் புதுமுறை வகுத்துப் பெரும்புகழ் எய்தினார். நிறவெறி கோலோச்சிய அமெரிக்காவில், கறுப்பரான சார்லி கிறிஸ்டியன் 1939இல் வெள்ளையரான பென்னி குட்மன் குழுவில் அமர்ந்து, மின்கிதாரின் குரலை உலகறியச் செய்தார். 1942இல் தம் 25ஆம் வயதில் காசநோய்க்கு இரையானார். ஃபிரெடி கிரீனோ, 1937 முதல் 1987இல் மறையும்வரை கவுண்ட் பேசி குழுவில் இரண்டு மூன்று சுரக் கொத்துகளைக் கொண்டே தாளத்தைத் தாங்கினார். எந்தக் கலைமகள் இவர்கள் நாவில் எழுதினாள்? எழுதியது பயிற்சி!

நம் மண்ணிலும் சான்று உண்டு. அன்றைய திருநெல்வேலிச் சீமையில், சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். வடமொழி நூல்கள் கூறும் 22 சுருதிக் கணக்கை, 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் எதிர்த்து நின்றார். தாயியைச் சம அளவாகப் பகுப்பதே முறை என்று கணக்கிட்டுக் காட்டினார். தம் பெண்மக்களை இசைத்துக் காட்டவும் செய்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. பன்னிரு சம வீடுகள் என்று அவர் எண்ணால் நிறுவியதைத்தான் கிதாரின் கழுத்து மெட்டுகளால் காட்டுகிறது. மாட்சி பொருந்திய அந்நூலைப் படியாதவர்களே, கிதாரைக் கண்டதும் 'அந்நியம்' என்று முகம் சுளிப்பர்.

சுளிப்பு சட்டமாவதும் உண்டு. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள் வளர்த்த தமிழ் நாடக மேடை ஆர்மோனியத்தை அரவணைத்தது. அகில இந்திய வானொலியோ 1940இல் அதற்குத் தடை விதித்து, 1971 வரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. கட்டைகளில் கமகம் பிறவாது என்பது தடைக்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. கமகம் பிறவாது என்பது மெய்தான். அதற்காகக் கருவியையே தள்ளி வைப்பதா? கமகத்துக்கு வீணை உண்டு. கொத்துக்குக் கிதார் உண்டு. ஒன்றை ஏற்க மற்றதைத் தீண்டாமல் விலக்குவது கலையறிவன்று. தெருவில் கற்ற பழக்கத்தைச் சுரத்திலும் காட்டுவது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் 1961உடன் ஓய்ந்தது. துறைமுகம் வளர்ந்து, வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இக்கரையின் இளைஞன் இனி மூழ்க வேண்டிய ஆழம் வேறு. எடுக்க வேண்டிய முத்து வேறு. ஆதலின், படிப்பகம் நடத்தும் தோழர்களை நாம் வேண்டுகிறோம்: நூலடுக்கின் அருகே ஒரு கிதாரையும் மாட்டி வையுங்கள். மாலையில் வரும் மீனவர் மகளும் உப்பளத் தொழிலாளி மகனும் மேலே சொன்ன மூன்று கொத்துகளைப் பழகட்டும். முதல் கிழமை விரல்நுனி கன்றும், பின் காய்க்கும், அதன்பின் பாடும். அந்த விரல்கள் எந்தச் சாதிக்குரியவை என்று தந்தி கேட்பதில்லை. சரியான மெட்டில் அழுத்தினால் எவர்க்கும் ஒலிக்கும்; தவறினால் எவர்க்கும் பிசிறும். இதனினும் நேர்மையான சமத்துவம் எங்கே உண்டு?