மீன்தொட்டி மீன்களின் செரிமான நோய்கள்

மீன்தொட்டி மீன்களின் செரிமான நோய்கள் என்பன, கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் அலங்கார மீன்களின் குடலையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் தாக்கும் நோய்களும் கோளாறுகளும் ஆகும். மலச்சிக்கல், கசையிழை உயிரிகளால் உண்டாகும் குடல் அழற்சி, உருளைப்புழுத் தொற்று ஆகிய மூன்றும் இவற்றுள் பரவலாகக் காணப்படுகின்றன. வயிறு வீங்குதல், உணவை மறுத்தல், மலம் வெளுத்தல் ஆகிய ஒரு சில அறிகுறிகளே இவை அனைத்துக்கும் பொதுவாக உள்ளன. ஆனால் ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. எனவே மருந்தை விட, நோயை இனங்காணுதலே முதன்மையானது.

செரிமான மண்டலம்

எல்லா மீன்களுக்கும் இரைப்பை உண்டு எனக் கருதுவது பிழையாகும். தங்கமீன், கோய், பார்ப், வரிக்குதிரை டேனியோ முதலியன அடங்கிய கெண்டைக் குடும்ப மீன்களுக்கு உண்மையான இரைப்பை கிடையாது. இவை தொண்டைப் பற்களால் உணவை அரைத்து நேரடியாகக் குடலுக்கு அனுப்புகின்றன. சேமித்து வைக்க இடமில்லாததால் இவற்றுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை உணவிடுவதே ஏற்றது. ஆஸ்கர், டிஸ்கஸ், தேவதை மீன் முதலிய சிக்லிட் குடும்ப மீன்களுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு.

குடலின் நீளம் உணவைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் பாறைப்பாசியை மேய்ந்து வாழும் டிரோஃபியஸ் மீனின் குடல் அதன் உடலைப் போலப் பன்மடங்கு நீளமானது. இத்தகைய மீனுக்குப் புழுவும் இறைச்சியும் தருவது தீங்கு விளைவிக்கலாம். மேலும், மீன்கள் சூழலுக்கேற்ப உடல்வெப்பம் மாறும் உயிரினங்கள் ஆதலால், நீர் குளிர்ந்தால் செரிமானமும் மெதுவாகும்.

இனங்காணல்

முதலில் சோதிக்க வேண்டியது மீனை அன்று, நீரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருத்தல் வேண்டும். இவை மிகுந்துள்ள தொட்டியில் நலமான மீனும் உணவை மறுக்கும்.

அடுத்ததாக மலத்தைக் கவனித்தல் வேண்டும். நலமான மீனின் மலம் பெரும்பாலும் உண்ட உணவின் நிறத்தில் இருக்கும். விரைவில் அறுந்து விழும். வெண்மையான, சளி போன்ற நீண்ட இழை குடல் அழற்சியைக் குறிக்கலாம். எனினும் இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்த மீனும் வெறும் சளியையே வெண்ணிழையாக வெளியேற்றும். ஆகவே நன்றாக உண்ணும் மீனிடம் வெண்மலம் தொடர்ந்து காணப்பட்டால்தான் அது வலுவான சான்றாகும்.

வயிற்றின் வடிவமும் வீங்கிய வேகமும் பின்வருமாறு உதவும். உணவுக்குப் பின் வயிறு சற்றே பருத்து, மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால் அது மிகையுணவாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். செதில்கள் ஊசியிலை மரத்தின் கூம்பைப் போல விரிந்து நின்றால் அது நீர்க்கோவை ஆகும். நீர்க்கோவை தனி நோயன்று. சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்குவதன் அறிகுறி. இந்நிலையில் மலமிளக்கி எதுவும் பயன் தருவதில்லை. பெண் மீன் முட்டையோ குஞ்சோ சுமப்பதையும் நோயெனக் கொள்ளக்கூடாது. மாறாக, நன்றாக உண்டும் வயிறு ஒட்டி முதுகு மெலிந்தால் குடற்புழுவையோ மீன் காசநோயையோ ஐயுற வேண்டும்.

மலச்சிக்கலும் மிதவைக் கோளாறும்

தங்கமீனின் காற்றுப்பை ஒரு குழாயால் உணவுக்குழாயுடன் இணைந்துள்ளது. உருண்டை உடல் கொண்ட ஒராண்டா, ரியுகின் போன்ற வளர்ப்பு வகைகளில் உள்ளுறுப்புகள் நெருக்கமாக அமைந்திருப்பதால், அவை தலைகீழாக மிதப்பதும் அடியில் கிடப்பதும் அடிக்கடி நிகழும். இதனை உடனே மலச்சிக்கல் என்று சொல்லிவிடுவது மீன் வளர்ப்போரிடையே வழக்கம். காற்றுப்பையில் நீர் தேங்குதல், தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். ஊடுகதிர்ப் படம் எடுத்தாலே பலவேளைகளில் இவற்றைப் பிரித்தறிய இயலும்.

ஆயினும் தொடக்கச் சிகிச்சை எளியது, தீங்கற்றது. வளர்ந்த மீனுக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் உணவை நிறுத்திவிட்டு, வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப்பட்டாணியைச் சிறு துண்டுகளாகத் தரலாம். இம்முறை அனைத்துண்ணியான தங்கமீனுக்கே ஏற்றது. ஊனுண்ணியான சண்டை மீனுக்குப் பட்டாணியை விட டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு சிறந்தது. அதன் செரிக்காத ஓடு நார்ப்பொருளைப் போலச் செயல்படுகிறது. பயன் கிட்டாவிடில் 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து இடுவர். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட்டு. சமையல் உப்புக்கு இந்த மலமிளக்கும் பண்பு கிடையாது.

கசையிழை உயிரிகள்

ஸ்பைரோநியூக்ளியஸ், ஹெக்சமிட்டா ஆகியன குடலில் வாழும் ஒருகல ஒட்டுண்ணிகள். டிஸ்கஸ், தேவதை மீன், ஆஸ்கர் ஆகியவற்றை இவை மிகுதியாகத் தாக்குகின்றன. மீன் உணவை வாயில் எடுத்து உமிழ்தல், உடல் கருத்தல், மெலிதல், வெண்மலம் ஆகியன அறிகுறிகள். நலமான மீன்களின் குடலிலும் இவை சிறிதளவு இருக்கக்கூடும். இடநெருக்கடி, இடமாற்றம் போன்ற அழுத்தங்களின்போது பெருகுகின்றன. மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை உறுதி செய்யலாம்.

இதற்குரிய மருந்து மெட்ரோனிடசோல். மீன் உண்ணும் நிலையில் இருந்தால் உணவில் கலந்து தருவதே சிறந்தது. மருந்து குடலை நேரடியாக அடையும். உண்ணாத மீனுக்கு நீரில் இட வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் நாள்தோறும் எனவும், 25 மில்லிகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள் எனவும் பரிந்துரைகள் வேறுபடுகின்றன. உணவுக்காக வளர்க்கப்படும் மீன்களுக்கு இம்மருந்தைத் தருவது பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது.

மலாவி ஏரியின் சிக்லிட்களில் காணப்படும் 'மலாவி உப்புசம்' என்னும் நோய்க்கும் தொடக்கத்தில் இம்மருந்தே தரப்படுகிறது. அந்நோயின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மீன் உண்ண மறுக்கும் தொடக்க நிலையிலேயே கவனிக்காவிடில் பிழைத்தல் அரிது.

உருளைப்புழுக்கள்

கப்பி, மோலி போன்ற குட்டி ஈனும் மீன்களில் காமலானஸ் என்னும் புழு பெருந்தொல்லை தருகிறது. மீன் அசையாமல் நிற்கும்போது அதன் கழிவுத்துளையிலிருந்து செந்நிற இழைகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். மீன் நகர்ந்ததும் உள்ளிழுத்துக்கொள்ளும். குருதியை உண்பதால் புழு சிவந்து காணப்படுகிறது. இதனை இடுக்கியால் பிடித்து இழுத்தல் கூடாது. புழு தன் வாயுறையால் குடற்சுவரைக் கவ்வியிருப்பதால் குடல் கிழியும்.

காமலானஸ் முட்டையிடாமல் உயிருள்ள இளம்புழுக்களையே ஈனுகிறது. இவை சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகளின் வழியாகப் பரவுகின்றன. காமலானஸ் காட்டி என்னும் இனம் அத்தகைய இடைவிருந்தோம்பி இல்லாமலும் மீனுக்கு மீன் தொற்றவல்லது. ஆகவே ஒரு மீனில் கண்டால் தொட்டி முழுமைக்கும் சிகிச்சை தேவை.

ஆடு, கோழிகளுக்குக் குடற்புழு நீக்கியாகத் தரப்படும் லெவமிசோல் இங்கும் பயன்படுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 24 மணி நேரம் இட வேண்டும். ஒளி இம்மருந்தைச் சிதைப்பதால் விளக்கை அணைத்து வைப்பர். மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்கிறதே தவிர எப்போதும் கொல்வதில்லை. எனவே மறுநாள் அடித்தளத்தை உறிஞ்சிக் கழுவி நீரைப் பெருமளவு மாற்றாவிடில், விழுந்த புழுக்கள் மீண்டும் உண்ணப்படலாம். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் மறுபடியும் மருந்திடுதல் வேண்டும். ஃபென்பெண்டசோலை உணவில் கலந்தும் தரலாம். அது சில நத்தை இனங்களைக் கொன்றுவிடும்.

மருந்தின் அளவு

அளவைத் தொட்டியின் வெளி அளவுகளைக் கொண்டு கணக்கிடுதல் தவறாகும். 60 × 30 × 30 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர் என்றாலும், கூழாங்கற்களையும் மேலுள்ள வெற்றிடத்தையும் கழித்தால் உண்மையான நீர் 45 லிட்டர் அளவே இருக்கலாம். அவ்வாறாயின் லெவமிசோல் தேவை 108 அன்று, 90 மில்லிகிராம். மருந்திடும்போது வடிகட்டியிலுள்ள கிளர்வுற்ற கரியை அகற்ற வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வடிகட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையும் அழிக்கக்கூடும் என்பதால், நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்வது பொதுவாக நல்லது.

தடுப்பு

புதிய மீன்களை நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தல் பெரும்பாலான குடற்புழுத் தொற்றுகளைத் தடுக்கும். சாக்கடைச் சேற்றில் வளரும் டியூபிஃபெக்ஸ் புழு போன்ற உயிருணவு நோய்க்கிருமிகளைக் கொண்டுவரக்கூடும்; உறையவைத்த அல்லது வீட்டில் வளர்த்த உணவு பாதுகாப்பானது. மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம், கைகளிலுள்ள காயத்தின் வழியே மனிதத் தோலிலும் ஆறாத கட்டிகளை ஏற்படுத்தும். எனவே மெலிந்து இறந்த மீனைக் கையாளும்போதும் அத்தொட்டியைக் கழுவும்போதும் கையுறை அணிதல் வேண்டும்.