பேப் ரூத் விற்கப்பட்ட குளிர்காலம்

1920 ஜனவரி 5 அன்று பாஸ்டன் நகரம் ஒரு செய்தியைக் கேட்டுத் திகைத்தது. ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி, தமது அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டிருந்தார். விலை ஒரு லட்சம் டாலர். அதோடு, ஃபென்வே பார்க் மைதானத்தின் பேரில் மூன்று லட்சம் டாலர் கடனும் ஏற்பாடாயிற்று.

'விற்றுவிட்டார்' என்ற சொல் மிகையன்று. அந்நாளைய ஒப்பந்த விதிகளின்படி, எந்த அணிக்கு ஆடுவது என்பதை ஆட்டக்காரர் தாமே தீர்மானிக்க இயலாது. ரூத் பாஸ்டனைத் துறந்து போகவில்லை, அனுப்பப்பட்டார்.

ரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். ஒரு சாராருக்கு இது பெரும் துரோகமாகவே பட்டது. 1919இல் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 29. அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. அணியிலிருந்த மற்ற அனைவரும் சேர்ந்து அடித்தவை வெறும் நான்கு. 1918இல் வாகை சூடியபோது பந்தெறிந்து இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தவரும் அவரே.

மறு சாராரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அத்தனை ஹோம் ரன்கள் இருந்தும் 1919இல் அணி ஆறாம் இடத்தையே பிடித்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் என மூன்றாண்டு ஒப்பந்தம் செய்திருந்த ரூத், ஓராண்டிலேயே இருபதாயிரம் கேட்டார். கட்டுப்பாட்டுக்கும் அவர் அடங்குபவரல்லர். மேலும், 1916இல் டிரிஸ் ஸ்பீக்கரை கிளீவ்லாண்டுக்கு அனுப்பியபோதும் இதே கூக்குரல் எழுந்தது. அவ்வாண்டே அணி வாகை சூடியது. நட்சத்திரம் போனாலும் அணி நிலைக்கும் என்பதற்கு அவர்கள் கண்முன்னே சான்று இருந்தது.

பாஸ்டனில் இத்தகைய வழக்குகள் மதுக்கடைகளில்தான் வெகுகாலம் நடந்துவந்தன. 'ராயல் ரூட்டர்ஸ்' என்ற ரசிகர் கூட்டத்தின் தலைவர் மைக்கேல் மெக்ரீவியின் கடை அவற்றுள் புகழ்பெற்றது. விவாதம் முற்றினால் 'சொன்னது போதும்' என்று மேசையைத் தட்டி முடித்துவைப்பாராம். அதுவே அவருக்குப் பட்டப்பெயரும் ஆயிற்று. ரூத்தின் விற்பனை அறிவிக்கப்பட்ட அதே மாதம் 17ஆம் நாள் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அவருடைய கடையும் மூடப்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1920இல் ரூத் 54 ஹோம் ரன்கள் அடித்தார். யாங்கீஸ் 1923இல் முதன்முறையாக வாகை சூடியது. ரெட் சாக்ஸ் மீண்டும் வெல்ல 2004 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த நீண்ட வறட்சிக்கு 'பாம்பினோவின் சாபம்' என்று பெயரிட்டனர். 1990இல் வெளிவந்த டான் ஷானஸியின் நூல் அப்பெயரை எங்கும் பரப்பியது. 'நோ, நோ, நானெட்' என்னும் இசை நாடகத்துக்குப் பணம் திரட்டவே ரூத்தை விற்றார் என்பது இன்னொரு கதை. அந்நாடகம் பிராட்வே அரங்கேறியதோ 1925இல்.

சாபக்கதையில் வரலாறு எளிதாகிவிடுகிறது: ஒரு பேராசைக்காரர், ஒரு பிழை, ஒரு தண்டனை. ஆனால் ரூத்தைத் தொடர்ந்து வேய்ட் ஹாய்ட், ஹெர்ப் பென்னாக் எனப் பலரும் நியூயார்க்குக்கே அனுப்பப்பட்டனர். 1922இல் ரெட் சாக்ஸ் கடைசி இடத்துக்குச் சரிந்தது. ஒரே விற்பனையில் நேர்ந்த வீழ்ச்சியன்று அது. விற்பனையை ஆதரித்து வாதாடிய ரசிகரை மூடர் என்று நாம் எள்ளுவது எளிது. அவர் கையில் இருந்தது 1916இன் அனுபவம். நம் கையில் இருப்பதோ 2004 வரையிலான கணக்கு.