தழும்பில்லாத வெட்டு

தடையை நாம் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடி வந்திருக்கிறோம். தடைசெய்யப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, கண்காட்சி இருக்கிறது. பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டும் 1911இல் தடைசெய்யப்பட்டதைச் சொல்லாத பாரதி சரித்திரம் அபூர்வம். ஒருவகையில் தடை என்பது சர்க்கார் எழுத்தாளனுக்குத் தரும் நற்சான்று. அதில் நூலின் பெயரும் தேதியும் சட்டப்பிரிவும் இருக்கும். எதிர்ப்பதற்கு ஒரு முகம் கிடைக்கும். 1928இல் பர்மா அரசைத் தொடர்ந்து சென்னை அரசும் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேச முடிந்தது அந்த முகம் தெரிந்ததால்தான்.

நான் பேச நினைப்பது முகம் காட்டாத தணிக்கையைப் பற்றி. அதன் வளர்ச்சியைத் தாமிரபரணிச் சீமையின் சரித்திரத்திலேயே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி பகிரங்கமானது. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். எல்லாம் கோர்ட்டில், ஊர் பார்க்க நடந்தது.

இரண்டாவது படி தபால் பையில் நடந்தது. அதே ஆண்டு பாரதி புதுச்சேரிக்குப் போனார். ‘இந்தியா’ வாரப் பத்திரிகையும் அங்கே போயிற்று. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சுக்கூடத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் பூட்ட முடியாது. ஆகவே பத்திரிகை வாசகனிடம் போகும் வழியைப் பூட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வராதபடி தடுக்கப்பட்டது. வாசகனை இழந்த பத்திரிகை 1910 மார்ச்சில் நின்றது. ஆனாலும் இதில் ஒரு நேர்மை மிச்சம் இருந்தது. வர வேண்டியது வரவில்லை என்று சந்தாதாரருக்குத் தெரியும். கை வெறுமையாக இருந்தது. வெறுமை ஒரு செய்தி.

மூன்றாவது படிதான் கடையம். ராமநதியும் ஜம்பு நதியும் ஓடும் மலையடிவார ஊர். செல்லம்மாளின் பிறந்த ஊர். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, அன்று திருநெல்வேலி ஜில்லா. 1918 நவம்பர் 20ஆம் தேதி புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதி கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14ஆம் தேதி விடுதலையானார். விடுதலைக்கு விலை இருந்தது: அவர் எழுதுவது எதுவும் அச்சேறும் முன் ரகசியப் போலீஸின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரல் பார்வைக்குப் போக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு கடையத்துக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வாசகனுக்கு எந்தக் குறையும் தெரியாது. அச்சில் வருவது முழுமையானதாகவே தோன்றும். மேசைக்குப் போய்த் திரும்பிய வரிக்கும் போகாமலே வந்த வரிக்கும் காகிதத்தில் வித்தியாசம் இல்லை. இன்னும் மோசம், நாளடைவில் அந்த மேசைக்கு வேலையே இல்லாமல் போகும். எழுதுகிறவன் மனசுக்குள்ளேயே அதற்கு ஒரு கிளை திறந்துவிடும். எழுதாமல் விட்ட வரிக்கு ஆவணம் கிடையாது. எந்தப் பதிப்பாசிரியரும் அதைத் தேடிச் சேர்க்க முடியாது.

இதை நம் விமர்சனம் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிற்காலப் பாரதி கனிந்தார், அரசியலிலிருந்து ஆன்மீகத்துக்கு நகர்ந்தார் என்று ஒரு வளைகோடு வரைகிறோம். கனிவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் விதைகள் புதுச்சேரியிலேயே இருந்தன. ஆனால் ஒரு போலீஸ் அதிகாரி முதல் வாசகனாக உட்கார்ந்திருந்த காலத்தின் எழுத்தை, கவிஞனின் சுய வளர்ச்சி என்று மட்டும் படிப்பது தணிக்கை செய்தவனின் வேலையை நாமே பூர்த்தி செய்து வைப்பதாகும். அவன் வெட்டின இடத்தை மறைத்தான். நாம் அங்கே வெட்டே இல்லை என்று கோட்பாடு கட்டுகிறோம். 1920இல் இதே கடையத்திலிருந்துதான் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் போட, பாரதி பணம் கேட்டு அறிக்கை அனுப்பினார். அடங்கிப் போனவனின் கணக்கு இல்லை அது. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சென்னையில் இறந்துபோனார்.

மறைப்பதுதான் தணிக்கையின் உச்சம் என்பதை நெருக்கடி நிலைக்காலம் அப்பட்டமாகக் காட்டியது. 1975 ஜூன் 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. சர்க்காருக்கு எந்தத் தலையங்கத்தையும்விட அந்த வெள்ளைக் காகிதம் உறுத்தியது. வெற்றிடம் விடக் கூடாது என்றே தணிக்கை விதி வந்தது. வெட்டலாம், தழும்பு தெரியக் கூடாது. முரசொலி இதற்கு ஒரு வழி கண்டது. 1976 பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணா நினைவிடத்தில் மலரஞ்சலி செலுத்த வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப் பட்டியல் போட்டது. சிறைப்பட்டவர்களின் பட்டியல் அது என்பது வாசகனுக்குப் புரிந்தது.

சர்க்காரைச் சொல்வது சுலபம். சிற்றிதழ்க்காரர்களான நமக்கும் ஒரு மேசை இருக்கிறது. எதிர்வினையாக வந்த ஆறு கடிதங்களில் இரண்டைப் போட்டு, அதிலும் கூரான பத்தியை எடுத்துவிட்டு, விவாதம் நடந்ததாக நம்புகிறோம். தேர்வு ஆசிரியனின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் ஆறு வந்தன, இரண்டு போடுகிறோம் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்? நீக்கிய பத்தி இருந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்க எவ்வளவு மை செலவாகும்? அந்தப் புள்ளிகள் இல்லாத பக்கத்தை நம்பித்தான் ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் நம் காலத்தைப் பற்றி எழுத உட்காருவான்.