வீட்டுக்குப் பழகிய கோழி

காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறி மேய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் மரக்கிளையில் ஏறி அடையும் பறவை. உயரம் தேடும் அந்த இயல்பு, தென்கிழக்கு ஆசியச் செங்காட்டுக்கோழியின் வழியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதரோடு சேர்ந்துவிட்ட வீட்டுக்கோழியையும் விட்டுப் போகவில்லை. தமிழகக் கிராமங்களில் கோழி அவிழ்த்துவிட்டபடியே வளர்ந்ததால், அதற்கு இரை கொடுப்பதைவிட, அந்தியில் தன் வீட்டுக்கே திரும்பி அடையவும் தன் வீட்டிலேயே முட்டையிடவும் அதைப் பழக்குவதே பெரிய வேலையாக இருந்தது. பெரும்பாலும் பெண்களின் கையிலிருந்த இத்திறனைப் பற்றி வேளாண் நூல்கள் பேசியது குறைவு.

சங்க நூல்களில் சில குறிப்புகள் கிடைக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மீது மகளிர் காதணியைக் கழற்றி எறிந்ததாகப் பட்டினப்பாலை கூறுவது நகரின் செல்வத்தைக் காட்டவே எனினும், கோழிகள் கட்டின்றி முற்றங்களில் திரிந்ததையும் அது உடன் சொல்லிவிடுகிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகை 139ஆம் பாடலில், வெருகு என்னும் காட்டுப்பூனை மாலையில் வேலியோரம் வந்துவிட, புகுமிடம் அறியாத நிலையில் மனைக்கோழி தன் குஞ்சுகளைப் பதறி அழைக்கிறது. அந்தியில் அடைக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை இவ்வளவு நெருங்கிப் பார்த்த வேறு சான்று அரிது.

இக்காலம் வரை தொடரும் வழக்கங்களிலிருந்து அத்திறனின் கூறுகளை ஓரளவு திரட்டலாம். தாய்க்கோழி கொத்தி விரட்டிய பின் தனியே மேயத் தொடங்கும் பெட்டை, ஆறேழு மாதத்தில் கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காரும் நிலையை அடையும்போது, முட்டைக்கு வரும் பருவத்தது என்னும் பொருளில் வெடைக்கோழி எனப்படுகிறது. சந்தையில் வாங்கி வந்த கோழியாயின், காலில் கயிறு கட்டியோ, மூங்கிலால் பின்னிக் கவிழ்த்து வைக்கும் கூடையாகிய பஞ்சாரத்துக்குள் அடைத்தோ, சில நாள் இடம் பழக்கிய பிறகே வெளியே விடுவர். வெடைக்கோழி இடம் தேடிக் கேறத் தொடங்கியதும், காலையில் திறந்துவிடுமுன் விரலால் தொட்டு முட்டை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இட்டு முடிக்கும்வரை பஞ்சாரத்திலேயே வைத்திருப்பர். இல்லையேல் முட்டை அண்டைவீட்டு வைக்கோற்போருக்குப் போய்விடும். இட்ட முட்டைகளில் ஒன்றை எடுக்காமல் விட்டுவைப்பது, மறுநாளும் கோழியை அதே இடத்துக்கு வரவைக்கும் உத்தி.

பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டபின் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு வேண்டுமானால் மணலோ வைக்கோலோ பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி அவயம், அதாவது அடை, வைப்பர். இடியோசையில் முட்டை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையால் ஓர் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் உடன் இடம்பெறும். இவை காப்பு என்பதைவிட, 21 நாள் காத்திருப்போரின் கவலைக்கு மருந்து எனலாம். குஞ்சு வேண்டாதவர்கள் கோழியைத் தண்ணீரில் முக்கியோ, அதன் இறகொன்றை மூக்கில் செருகியோ அடையைத் தெளிவிப்பர். கோழிக்கு இது கொடுமைதான்.

கோழி முட்டையிடுவது பகலின் நீளத்தையும் சார்ந்தது. தமிழகத்தில் அந்நீளம் ஆண்டு முழுவதும் அதிகபட்சம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபடுவதால், குளிர்நாட்டுக் கோழிகளைப் போல இங்குள்ளவை குளிர்காலம் முழுவதும் முட்டையை நிறுத்துவதில்லை. இங்கே வரம்பாக இருந்தவை இரையும், அடிக்கடி ஊர்க்கோழிகளைத் துடைத்தெடுத்த வெள்ளைக்கழிச்சல் நோயுமே. இமயமலை அடுக்கிலுள்ள ராணிக்கேட்டின் பெயரை இந்தியாவில் பெற்ற அந்நோய்க்கு 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் தடுப்பூசி உருவான பின்னரே பெருந்தொகையாகக் கோழி வளர்ப்பது துணிந்து செய்யக்கூடிய தொழிலாயிற்று. பின்னாளில் நாமக்கல் பகுதியில் பெருகிய கூண்டுப் பண்ணைகளில், அடை உட்காரும் குணம் நீங்கத் தேர்ந்தெடுத்து வளர்த்த வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள், மின்விளக்கால் 16 மணி நேரம் வரை நீட்டித்த பகலில் முட்டையிடுகின்றன. அவற்றுக்கு அந்தியுமில்லை, திரும்பி வர வீடுமில்லை.

ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனங்கள் பரவியபோது பழைய திறன் மறுபடியும் தேவைப்பட்டது. பொரிப்பகத்தில் பிறந்து தாயைக் காணாத அக்குஞ்சுகளுக்கு அடையும் இடத்தைக் காட்டித் தருவது வளர்ப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது. அவை பெரும்பாலும் அடை உட்காராதவை என்பதால், அவற்றின் முட்டைகளைப் பொரிக்க வீட்டிலுள்ள நாட்டுக்கோழியின் அடியில்தான் வைக்கின்றனர்.