சகுந்தலா ஜனனம்

'சகுந்தலா ஜனனம்' ராஜா ரவி வர்மா (1848–1906) வரைந்த புராணப் படம். பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடத்திலிருந்து 1894-இல் முதன்முதலாக அச்சாகி வெளிவந்தது இதுதான்.

கதை மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் உள்ளது. விசுவாமித்திரரின் தவத்தைக் கண்டு அஞ்சிய இந்திரன், அதைக் கலைக்க வானுலக அப்சரஸ் மேனகையைக் காட்டுக்கு அனுப்புகிறான். தவம் கலைகிறது, சகுந்தலை என்ற பெண் குழந்தை பிறக்கிறது. மேனகை முனிவரை மயக்கும் கட்டத்தை ரவி வர்மா வேறொரு படத்தில் தீட்டியிருக்கிறார். இதில் இருப்பது அதற்குப் பிந்தைய சங்கடம். மேனகை குழந்தையை நீட்டுகிறாள். முனிவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உயர்த்தி மறுக்கிறார். மறுக்கும் அந்தக் கைதான் படத்தின் உயிர். வானுலகத்து விருந்தாளி இங்கே கைவிடப்பட்ட தாயாக நிற்கிறாள்.

வண்ணத்துக்கொரு கல்லாக, ஒரே தாளில் மாற்றி மாற்றி அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம்போல் மினுங்கச் செய்வது அச்சகத்தின் முறை. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அரண்மனைச் சுவரில் தொங்கிய புராணம் சாதாரண வீட்டுக் கூடத்துக்கு வந்தது இப்படித்தான். பிற்காலத்தில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) சிவகாசி அச்சகங்களும் காலண்டர் படங்களால் தமிழ்நாட்டு வீடுகளை நிறைத்ததும் இதே வழியில்தான்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, ரவி வர்மாவின் படங்களில் நாடகத்தனமே மிகுதி, கற்பனை குறைவு என்று கடுமையாகச் சாடினார். அவர் போற்றியது ஆங்கிலக் கவிஞர்-ஓவியர் வில்லியம் பிளேக்கை. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்துக்காக பிளேக் 1808-இல் வரைந்த நீர்வண்ணப் படங்களில் ஒன்றிலும் வானுலக விருந்தாளி உண்டு: ஏதேன் தோட்டத்தில் ஆதாம், ஏவாளை எச்சரிக்க வந்த ரபேல் தூதர். அவருடைய சிறகுகள் கூர்மாடம்போல் மேலெழுந்து நிற்கின்றன. அந்தப் படம் இருப்பது அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். 1917 முதல் குமாரசுவாமி பணியாற்றியதும் அங்கேதான்.

நாடகத்தனம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் பிளேக்கின் படம் தாமஸ் பட்ஸ் என்ற ஒரே புரவலருக்காக வரையப்பட்டது. ரவி வர்மாவின் படமோ கடைவீதிக்காக அச்சிடப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை.

ரவி வர்மாவின் மூல எண்ணெய் ஓவியங்கள் சில சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.