மழைநீருக்குக் கட்டிய கரிப்படுகை: வாட்சன் ஆலைச் சான்றை மறுபடி வாசித்தல்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரில் செயலூட்டிய கரியின் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் எழுதப்படுகிறது. அந்தத் தடத்தைப் போட்டது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1974இல் வெளியிட்ட விதி. 1983க்குள் ஆலைகள் எட்டவேண்டிய வரம்புகளை முகமை அதில் ஒரு வரிசையின் மேல் கட்டியது: முதலில் எண்ணெயைப் பிரித்தல், பிறகு உயிரியல் சுத்திகரிப்பு, கடைசியில் குறுமணிக் கரிப்படுகை. 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரம்புகளை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. 1982இன் இறுதி விதியில் கரிப்படுகை இல்லை. கரி தன்னை நிரூபித்துவிட்டது, செலவும் வழக்கும்தான் அதை வீழ்த்தின என்ற முடிவு இதிலிருந்து எளிதாகப் பிறக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. முகமை சொன்ன வரிசையில் கரி நிரூபிக்கப்பட்டதா என்பதே என் கேள்வி.

அக்காலத்துச் சான்றாக ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு ஆலைகள். ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கார்சனில் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனம் நடத்திய வாட்சன் ஆலை. அங்கே கரிப்படுகை 1971இல் இயங்கத் தொடங்கியது. அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண நாள்களில் ஆலையின் கழிவுநீர் மாவட்டச் சாக்கடைக்குப் போய்விடும். மழைக்காலத்தில் சாக்கடை அதை ஏற்காது. அப்போது மழைநீரும் ஆலைநீரும் கலந்து தேக்கத்தில் நிற்கும். அந்தக் கலவையைக் கரி வழியே செலுத்தி டொமிங்கஸ் கால்வாயில் விட்டார்கள். தீர்ந்த கரியை அங்கேயே பல அடுக்கு உலையில் சுட்டு மீட்டார்கள். ஆக, இது மழைக்கென்றே கட்டிய ஏற்பாடு. ஆண்டு முழுதும் ஓயாமல் ஓடும் படுகையின் ஆயுளை இதிலிருந்து எப்படிக் கணிப்பது?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வாட்சனில் கரிக்கு முன்னால் உயிரியல் கட்டம் இல்லை. இரண்டாவது சான்றான பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக் ஆலையிலும் (1973) வடிகட்டலுக்குப் பின் நேராகக் கரிதான். முகமை எழுதிய வரிசை இவ்விரண்டு இடங்களிலும் ஓடவே இல்லை.

வரிசை மாறினால் என்ன என்று கேட்கலாம். கழிவுநீரின் கரிம மாசை அளக்கும் வேதி ஆக்சிஜன் தேவை என்பது பலவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை எண். ஃபீனாலும் டொலுயீனும் கரியின் நுண்துளைகளில் நன்றாகப் பற்றும். அசிட்டிக் அமிலமும் மெத்தனாலும் பற்றுவது அரிது, ஆனால் பாக்டீரியா அவற்றை விரும்பித் தின்னும். ஆகவே உயிரியல் கட்டத்தைத் தாண்டிய நீரில் மிஞ்சும் கலவையே வேறு. கரியில் ஒட்டாதவை முன்பே போய்விடுவதால் படுகை இன்னும் நன்றாக வேலை செய்திருக்கலாம். நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் பெரிய மூலக்கூறுகள் துளைவாய்களை அடைத்து அது மோசமாகியும் இருக்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை வாட்சன் தரவைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. என் வாதம் இங்கே ஊகத்தின் எல்லையைத் தொடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகமையின் முடிவுக்கும் இதே தடை உண்டு, 1974 விதி அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிட்டது.

கரி தோற்றது என்ற எதிர்முடிவும் இதனால் நிலைக்காது. அதே பத்தாண்டில் ட்யூபான்ட் நிறுவனம் தூள்கரியை உயிரியல் தொட்டிக்குள்ளேயே கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. முன்னா பின்னா என்ற கேள்வியே அங்கே எழவில்லை: கரியும் பாக்டீரியாவும் ஒரே தொட்டியில். நச்சுத்தன்மை திடீரென ஏறும்போது கரி அதைத் தாங்கிக்கொள்ளும், பாக்டீரியா பிழைக்கும். எண்ணெய் ஆலைகள் இந்த முறையை அந்தக் காப்புரிமை வழியாகத்தான் அறிந்தனவா, தாமே சோதித்து வந்தனவா என்பதைக் காப்புரிமை ஆவணங்களை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இன்றைய ஆய்வகக் கட்டுரைகளில் பழைய பிழை வேறு வடிவில் தொடர்கிறது. கிராஃபீன் ஆக்சைடு, கரி நானோகுழாய் ஆகியவற்றின் கொள்ளளவைத் தூய நீரில் கரைத்த ஒற்றைப் பொருளைக் கொண்டு அளந்து, எண்ணெய் வயல் நீருக்கு அப்படியே பொருத்துகிறார்கள். உப்பும் பால்மமாய்க் கலந்த எண்ணெய்த் துளியும் நிறைந்த நீர் அது. ஆல்பெர்ட்டாவின் எண்ணெய்மணல் ஆய்வுகள் இதில் நேர்மையானவை. அங்கே பெட்ரோலியக் கோக்கை உண்மையான வயல்நீரிலேயே கலந்து சோதித்தார்கள். நாஃப்தீனிக் அமிலங்கள் குறைந்தன. கோக்கிலிருந்து வனேடியம் நீரில் இறங்கியதும் அதே சோதனைகளில்தான் தெரியவந்தது.